80,000 டாலர் சம்பளம் என்றால் 68 லட்சமா, 16 லட்சமா? 'வாங்கும் திறன் சமநிலை' சொல்லும் கணக்கு என்ன?

சென்னை ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் ஓர் ஐடி ஊழியருக்கு அமெரிக்காவில் இருந்து ஆஃபர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 80,000 டாலர். அவர் முதலில் என்ன செய்வார்? போனை எடுத்து 80,000-ஐ 85-ஆல் பெருக்குவார். 68 லட்சம் ரூபாய்! இப்போது அவர் வாங்குவது 16 லட்சம். நான்கு மடங்குக்கும் மேல். வீட்டில் சொன்னால், "இதுல யோசிக்க என்ன இருக்கு? கிளம்பு" என்பார்கள்.

ஏற்கெனவே அங்கே போய் மூன்று வருடம் ஆன நண்பரைக் கேட்டால் பதில் வேறு மாதிரி வரும். "வாடகை, இன்சூரன்ஸ், கார் லோன் எல்லாம் போக, ஊர்ல எப்படி இருந்தேனோ அப்படித்தான் இருக்கேன்டா."

இதில் யார் சொல்வது சரி? வீட்டில் சொல்வதும் சரி, நண்பர் சொல்வதும் சரி. இருவரும் ஒரே டாலரை இரண்டு வெவ்வேறு விகிதங்களில் ரூபாயாக மாற்றிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். வீட்டில் போட்ட கணக்கு, வங்கியில் கிடைக்கும் சந்தை மாற்று விகிதம். நண்பர் அனுபவத்தில் சொன்னதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பெயர் இருக்கிறது: வாங்கும் திறன் சமநிலை. சுருக்கமாக பிபிபி.

"பிபிபி அடிப்படையில் உலகின் 3-ஆவது பெரிய பொருளாதாரம் இந்தியா" என்று செய்திகளில் வருவதும், உலக வங்கியின் வறுமைக் கோடு கணக்கிடப்படுவதும் இதை வைத்துத்தான். ஆனால் இந்தக் கணக்கு எங்கே பொருந்தும், எங்கே காலை வாரிவிடும் என்பது பலருக்கும் தெரிவதில்லை.

பொருளுக்குப் பொருள் மாறும் டாலர் மதிப்பு

வங்கியைக் கேட்டால் ஒரு டாலர் 85 ரூபாய் என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம் (கணக்கு எளிதாக இருக்க, இந்தக் கட்டுரையில் அந்த விகிதமே பயன்படுத்தப்படுகிறது). கடைகளைக் கேட்டால் ஒவ்வொரு கடையும் ஒவ்வொரு விகிதம் சொல்லும்.

முதலில் சலூன். சென்னையில் ஒரு சாதாரண சலூனில் முடிவெட்ட 200 ரூபாய், அமெரிக்காவில் 25 டாலர் என்று எடுத்துக்கொண்டால், 25 டாலர் வேலை இங்கே 200 ரூபாயில் முடிகிறது. அதாவது, சலூன் கணக்கில் ஒரு டாலர் என்பது வெறும் 8 ரூபாய்.

அடுத்து ஐபோன். 2023-ல் ஐபோன் 15 வெளியானபோது அதன் தொடக்க விலை அமெரிக்காவில் 799 டாலர், இந்தியாவில் 79,900 ரூபாய். அமெரிக்க விலையில் விற்பனை வரி சேரவில்லை, இந்திய விலையில் ஜிஎஸ்டி சேர்ந்திருந்தது. ஆனாலும் கடையில் கேட்ட விலைப்படி ஒரு டாலர் 100 ரூபாய்.

பெட்ரோல்? 2024-ல் சென்னையில் லிட்டர் 100 ரூபாயை ஒட்டி இருந்தது. அமெரிக்காவில் ஒரு காலன் (சுமார் 3.8 லிட்டர்) சராசரியாக 3 டாலருக்குக் கொஞ்சம் மேல். பெட்ரோல் பங்க் கணக்கில் ஒரு டாலர் 110 ரூபாயைத் தாண்டுகிறது.

இப்படி அரிசி, வாடகை, பஸ் கட்டணம், டாக்டர் ஃபீஸ், செருப்பு, சிமென்ட் என நூற்றுக்கணக்கான பொருட்களுக்கும் சேவைகளுக்கும் தனித்தனி விகிதம் எடுத்து, மக்கள் எதற்கு எவ்வளவு செலவழிக்கிறார்களோ அந்த அளவுக்கு முக்கியத்துவம் கொடுத்து, ஒரே எண்ணாகச் சுருக்கினால் கிடைப்பதுதான் பிபிபி விகிதம்.

2017-ஆம் ஆண்டுக்கான அதிகாரபூர்வ கணக்கில் இந்தியாவுக்குக் கிடைத்த எண்: ஒரு டாலருக்கு 20.65 ரூபாய். அதே ஆண்டு சந்தை விகிதம் 65.12 ரூபாய். அதாவது, அமெரிக்காவில் 100 டாலருக்கு வாங்கும் பொருட்களை இந்தியாவில் சுமார் 32 டாலருக்கு வாங்கிவிடலாம். அதன் பிறகு சந்தையில் டாலர் 80 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆனால் பிபிபி விகிதம் 20 ரூபாயை ஒட்டியே இருந்துவருகிறது.

ஆஃபர் வந்த ஊழியரின் 80,000 டாலரை 20-ஆல் பெருக்கினால் 16 லட்சம். இப்போது சென்னையில் அவர் வாங்கும் அதே சம்பளம்!

முடிவெட்டுவது ஏன் மலிவு?

இந்தியாவில் எல்லாமே மலிவு என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஐபோன் மலிவாக இல்லை, பெட்ரோலும் மலிவாக இல்லை. மலிவாக இருப்பது பெரும்பாலும் மனித உழைப்பு.

போன், கச்சா எண்ணெய், தங்கம் போன்றவை கப்பலிலோ விமானத்திலோ ஏறி நாடு விட்டு நாடு போகும். அதனால் வரியையும் போக்குவரத்துச் செலவையும் தவிர்த்துப் பார்த்தால் அவற்றின் விலை எல்லா நாடுகளிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். சலூன் அப்படி அல்ல. நியூயார்க்கில் முடிவெட்டுவது விலை அதிகம் என்பதற்காக யாரும் மதுரைக்கு ஃபிளைட் பிடித்து வந்து முடிவெட்டிக்கொள்வதில்லை.

பெலா பலாசா, பால் சாமுவேல்சன் ஆகிய இரு பொருளாதார அறிஞர்கள் 1964-ல் தனித்தனியே இதற்கு விளக்கம் தந்தார்கள். பணக்கார நாட்டில் தொழிற்சாலைகளின் உற்பத்தித் திறன் அதிகம், அதனால் அங்கே சம்பளமும் அதிகம். அந்தச் சம்பளத்துக்கு ஈடு கொடுத்தால்தான் சலூனிலும் ஹோட்டலிலும் வேலைக்கு ஆள் கிடைப்பார்கள். சென்னையில் முடி வெட்டுபவரும் நியூயார்க்கில் முடி வெட்டுபவரும் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரே அளவு வேலைதான் செய்கிறார்கள். ஆனால் ஒருவரின் கூலியை அவரைச் சுற்றியுள்ள ஊர் உயர்த்துகிறது, இன்னொருவரின் கூலியை ஊர் கீழேயே வைத்திருக்கிறது.

ஊரில் வாழ்க்கைச் செலவு குறைவு என்று சொல்லும்போது, அதில் பெரும்பகுதி இன்னொருவரின் கூலி குறைவு என்பதுதான். வீட்டு வேலைக்கு வருபவர், ஆட்டோ ஓட்டுநர், டெலிவரி ஊழியர் ஆகியோரின் குறைந்த வருமானம்தான் 16 லட்சம் சம்பளக்காரரின் சொகுசாக மாறுகிறது.

இந்தக் கணக்கைப் போடுவது யார்?

வாங்கும் திறன் சமநிலை என்ற பெயரை முதல் உலகப் போர்க் காலத்தில், 1918-ல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் ஸ்வீடனைச் சேர்ந்த பொருளாதார அறிஞர் குஸ்டாவ் காசல். போர்க்கால விலைவாசி நாடுகளின் பண மதிப்பைத் தலைகீழாக்கியிருந்தது. எந்த விகிதத்தில் மீண்டும் ஒன்றை ஒன்றுடன் மாற்றுவது என்ற கேள்விக்கான விடையாக அவர் இதை முன்வைத்தார்.

உண்மையிலேயே கடை கடையாகப் போய் விலை சேகரித்துக் கணக்குப் போடும் வேலை 1968-ல்தான் பெரிய அளவில் தொடங்கியது. ஐ.நா.வும் பென்சில்வேனியா பல்கலைக்கழகமும் இணைந்து தொடங்கிய திட்டம் அது. இர்விங் கிராவிஸ், ஆலன் ஹெஸ்டன், ராபர்ட் சம்மர்ஸ் ஆகியோர் இதன் முன்னோடிகள். முதல் கட்டத்தில் பத்தே நாடுகள். அதில் இந்தியாவும் ஒன்று.

'சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம்' என்ற பெயரில் இன்று உலக வங்கி இதை ஒருங்கிணைக்கிறது. 2021-ஆம் ஆண்டுக்கான சுற்றில் 176 நாடுகளும் பிரதேசங்களும் பங்கேற்றன. அதன் முடிவுகள் 2024 மே மாதம் வெளியாயின. இந்தியாவில் இந்தப் பணிக்கான பொறுப்பு மத்திய புள்ளியியல் அமைச்சகத்திடம் இருக்கிறது.

பர்கரை வைத்தும் அளக்கலாமா?

இவ்வளவு பெரிய வேலையை ஒரே ஒரு பர்கரை வைத்து முடித்துவிட முடியுமா என்று விளையாட்டாகத் தொடங்கியதுதான் 'பிக் மேக் குறியீடு'. 1986-ல் 'தி எகனாமிஸ்ட்' இதழில் பாம் வுடால் இதை அறிமுகப்படுத்தினார். மெக்டொனால்ட்ஸின் பிக் மேக் பல நாடுகளில் ஏறக்குறைய ஒரே மாதிரி தயாராகிறது. அதில் பன், இறைச்சி, சீஸ் மட்டுமல்ல, கடை வாடகை, மின்சாரம், ஊழியர் சம்பளம் எல்லாமே அடங்கியிருக்கின்றன. அதன் விலையை ஒப்பிட்டால் எந்த நாட்டின் பணம் மலிவாக மதிப்பிடப்பட்டிருக்கிறது என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும்.

இந்தியாவில் மாட்டிறைச்சி பிக் மேக் விற்கப்படுவதில்லை. அதனால் இங்கே கோழி இறைச்சியில் செய்யும் 'மகாராஜா மேக்' கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. ஒரே பொருளை ஒப்பிட வேண்டும் என்ற அடிப்படை விதி அங்கேயே ஆட்டம் காண்கிறது.

அளவுகோல் பிரபலமானால் அதை வளைக்கவும் ஆள் வருவார்கள். 2011 வாக்கில் அர்ஜென்டினாவில் மற்ற பர்கர்களைவிட பிக் மேக் மட்டும் விநோதமாக மலிவாக விற்றது செய்தியானது. உண்மையான விலைவாசி வெளியே தெரியாமல் இருக்க அரசு கொடுத்த அழுத்தம்தான் காரணம் என்று அப்போது பேசப்பட்டது.

கணக்கு எங்கே சறுக்கும்?

நூற்றுக்கணக்கான பொருட்களை வைத்துப் போடும் அதிகாரபூர்வ கணக்கிலும் சிக்கல்கள் உண்டு. முதல் சிக்கல், எதை எதோடு ஒப்பிடுவது? அரிசி என்றாலே பொன்னி, பாஸ்மதி, இட்லி அரிசி, ரேஷன் அரிசி என்று ஏகப்பட்ட வகை. எத்தியோப்பியாவில் அன்றாட உணவு டெஃப் என்ற சிறுதானியம். அது பல நாடுகளில் கடையில்கூடக் கிடைக்காது. அங்கே முக்கியமானதைக் கணக்கில் சேர்த்தால் இங்கே விலை இல்லை, சேர்க்காவிட்டால் அங்கே கணக்கு தப்பு.

இரண்டாவது சிக்கல், நாடு முழுவதற்கும் ஒரே எண். நாகர்கோவில் வாடகையும் மும்பை வாடகையும் ஒரே 20 ரூபாய்க்குள் அடங்கிவிடுகின்றன. சான் பிரான்சிஸ்கோவும் அமெரிக்கக் கிராமமும் அப்படியே. ஆஃபர் வந்தவர் எந்த ஊருக்குப் போகிறார் என்பதைப் பொறுத்து அவருடைய சொந்தக் கணக்கு வெகுவாக மாறும்.

மூன்றாவது, தகவல் பழசானால் விடை எக்கச்சக்கமாகத் தவறும். 2005-ஆம் ஆண்டுக்கான சுற்றில்தான் சீனா முதல் முறையாக முழுமையாக இணைந்தது. அதுவரை இந்தியாவுக்கும் 1985 விலைத் தகவலை வைத்தே மதிப்பீடு நீட்டிக்கப்பட்டு வந்தது. 2007 டிசம்பரில் புதிய முடிவுகள் வந்தபோது, பிபிபி கணக்கில் சீனப் பொருளாதாரத்தின் அளவு சுமார் 40 சதவீதம் குறைந்தது. இந்தியாவுக்கும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு அடி. ஒரு தொழிற்சாலைகூட மூடப்படவில்லை, ஒருவர் சம்பளமும் குறையவில்லை. அளவுகோல் மட்டும் மாறியது. பிறகு 2011 சுற்றின் முடிவுகள் வந்தபோது, ஜப்பானைத் தாண்டி இந்தியா 3-ஆவது இடத்துக்கு வந்தது.

'3-ஆவது பெரிய பொருளாதாரம்': எதற்கு உதவும், எதற்கு உதவாது?

2017 சுற்றின்படி உலக உற்பத்தியில் சீனாவின் பங்கு 16.4 சதவீதம், அமெரிக்காவின் பங்கு 16.3 சதவீதம், இந்தியாவின் பங்கு 6.7 சதவீதம். இது பிபிபி கணக்கு. சந்தை விகிதத்தில் அதே ஆண்டு அமெரிக்கா சீனாவைவிட வெகு தூரம் முன்னால் இருந்தது.

ஒரு நாட்டுக்குள் எவ்வளவு பொருளும் சேவையும் உற்பத்தியாகிறது, மக்கள் எவ்வளவு நுகர்கிறார்கள் என்று கேட்டால் பிபிபி நல்ல பதில் தரும். தனிநபர் வருமானத்தை எடுத்துக்கொள்ளலாம். 2024-ல் சந்தை விகிதத்தில் ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு உற்பத்தி 2,700 டாலர் அளவு. பிபிபி கணக்கில் சுமார் 11,000 டாலர். வாழ்க்கைத் தரத்தை ஒப்பிட இரண்டாவது எண்தான் நெருக்கமானது. உலகின் 3-ஆவது பெரிய பொருளாதாரம் என்றாலும் தலைக்கு வகுத்தால் இவ்வளவுதான் என்பதையும் அதே எண்தான் காட்டுகிறது.

ஆனால் எல்லை தாண்டி ஏதாவது வாங்கப் போனால் பிபிபி செல்லாது. இந்தியா தனக்குத் தேவையான கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கும் மேல் இறக்குமதி செய்கிறது. "எங்க ஊர்ல டாலர் 20 ரூபாய்தான்" என்று எந்த எண்ணெய் நிறுவனத்திடமும் பேரம் பேச முடியாது. 2016-ல் 36 ரஃபேல் விமானங்களுக்கு இந்தியா செய்த ஒப்பந்தத்தின் மதிப்பு 700 கோடி யூரோவுக்கும் மேல். அதுவும் சந்தை விகிதத்தில்தான்.

இது எவ்வளவு கொடூரமாக முடியும் என்பதை 2022-ல் இலங்கை பார்த்தது. அந்த ஆண்டு மார்ச் தொடக்கம் வரை டாலர் 200 இலங்கை ரூபாயை ஒட்டி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பிடியைத் தளர்த்தியதும் மே மாதத்துக்குள் 360 ரூபாய் அளவுக்குப் போனது. ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசு அறிவித்தது. வயல்களும் தேயிலைத் தோட்டங்களும் கடைகளும் அங்கேயேதான் இருந்தன. ஆனால் எரிபொருள் கப்பல்கள் டாலர் கைக்கு வரும்வரை கடலில் காத்து நின்றன. யாழ்ப்பாணம் முதல் காலி வரை பெட்ரோலுக்கும் சமையல் எரிவாயுவுக்கும் மக்கள் வரிசையில் நின்றார்கள். உள்ளூர் வாங்கும் திறனை வைத்து ஒரு பீப்பாய் எண்ணெய்கூட இறக்க முடியவில்லை.

3 டாலர் வறுமைக் கோடு: எந்த டாலர்?

"நாளொன்றுக்கு 3 டாலருக்குக் குறைவாகச் செலவழிப்பவர் கடும் வறுமையில் இருப்பவர்." இது உலக வங்கியின் இப்போதைய அளவுகோல். 3 டாலர் என்றதும் பலர் 85-ஆல் பெருக்கி, தினம் 255 ரூபாய் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அது தவறு. இது 2021 விலைகளின்படியான பிபிபி டாலர். ரூபாயில் அதைவிட மிகக் குறைவு. அமெரிக்காவில் 3 டாலருக்கு என்ன வாங்க முடியுமோ, அதை இந்தியாவில் வாங்க எவ்வளவு ஆகும் என்பதே கணக்கு.

இந்தக் கோடு 1990-ல் ஒரு டாலராகத் தொடங்கியது. பிறகு 1.25, 1.90, 2.15 என்று மாறி, 2025 ஜூனில் 3 டாலராக ஆனது. ஏழை நாடுகள் தங்கள் சொந்த வறுமைக் கோடுகளை உயர்த்தியதும், புதிய பிபிபி எண்கள் வந்ததும் இதற்குக் காரணம்.

2022-23-ல் இந்தியாவில் கடும் வறுமையில் இருந்தவர்கள் எத்தனை சதவீதம்? 2.15 டாலர் கோட்டின்படி 2.3 சதவீதம். 3 டாலர் கோட்டின்படி 5.3 சதவீதம். அதே ஆண்டு, அதே குடும்பங்கள், அதே அடுப்படி. கோடு நகர்ந்ததும் எண்ணிக்கை இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

இதில் இன்னொரு அடிப்படைக் கேள்வியும் உண்டு. சஞ்சய் ரெட்டி, தாமஸ் போகே ஆகிய ஆய்வாளர்கள் எழுப்பிய விமர்சனம் அது. பிபிபி சராசரியில் முடிவெட்டும் செலவு, வீட்டு வேலைச் சம்பளம் போன்ற மலிவான சேவைகளும் சேர்கின்றன. அந்தச் சேவைகளை ஓர் ஏழைக் குடும்பம் எத்தனை முறை வாங்கும்? அதன் பணம் பெரும்பாலும் அரிசி, பருப்பு, எண்ணெய்க்குப் போகிறது. சேவைகள் அளவுக்கு உணவு மலிவு இல்லை. சொகுசாக வாழ்பவரின் டாலர் இங்கே நான்கு மடங்கு நீளலாம். ஏழையின் டாலர் அவ்வளவு நீளாது.

அப்படியானால் ஆஃபரை ஏற்கலாமா?

மறுபடி அந்த 80,000 டாலருக்கு வருவோம். 68 லட்சமா, 16 லட்சமா என்ற கேள்விக்குப் பதில் இன்னொரு கேள்வியில் இருக்கிறது: அந்தப் பணம் எங்கே செலவாகப் போகிறது?

அங்கேயே சம்பாதித்து அங்கேயே செலவழிக்கும் பகுதிக்கு பிபிபி விகிதம். வாடகை, சாப்பாடு, குழந்தையின் டே-கேர் எல்லாம் இதில் வரும். இந்தப் பகுதியில் நண்பர் சொன்னதுதான் சரி: ஊரில் இருந்த மாதிரிதான் இருக்கும்.

மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்பும் பகுதிக்குச் சந்தை விகிதம். ஆண்டுக்கு 15,000 டாலர் மிச்சம் பிடித்தால், அது சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் ஊருக்கு வரும்போது 12 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். சென்னையில் 16 லட்சம் வாங்கி அதே விகிதத்தில் மிச்சம் பிடித்தால் 3 லட்சம்தான் கிடைக்கும். வாழ்க்கைத் தரம் ஒன்றே, சேமிப்பு நான்கு மடங்கு. இந்தப் பகுதியில் வீட்டில் சொன்னதுதான் சரி.

வளைகுடா நாடுகளுக்குப் போகும் தமிழகத் தொழிலாளர்களுக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே அறையில் பல பேர் தங்கி, மெஸ்ஸில் சாப்பிட்டு, முடிந்த மட்டும் பணத்தை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அங்கே செலவழிக்கும் ஒவ்வொரு திர்ஹாமும் அந்த ஊர் விலையில் கரையும், இங்கே அனுப்பும் ஒவ்வொரு திர்ஹாமும் இந்த ஊர் விலையில் நீளும் என்பது அவர்களுக்கு அனுபவத்திலேயே தெரியும்.

இதே கணக்கு எதிர்த்திசையிலும் ஓடும். வெளிநாட்டில் எம்.எஸ். படிக்க 40,000 டாலர் ஃபீஸ் என்றால், கல்விக் கடன் சந்தை விகிதத்தில் 34 லட்சம் ரூபாய். அங்கே வேலை கிடைத்தால் டாலரில் அடைத்துவிடலாம். விசா கிடைக்காமல் திரும்பி வந்து, இங்கே 8 லட்சம் சம்பளத்தில் அடைக்க வேண்டியிருந்தால், மலிவான சாப்பாடும் மலிவான ஆட்டோவும் அந்தக் கடனில் ஒரு ரூபாயைக்கூடக் குறைக்காது. ஆஃபர் லெட்டரைப் பார்த்ததும் 85-ஆல் பெருக்கிச் சந்தோஷப்படுபவர்கள், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் இந்தப் பக்கத்தையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

நாட்டுக்கும் வீட்டுக்கும் விதி ஒன்றுதான். உள்ளூரில் செலவாகும் பணத்துக்கு பிபிபி, எல்லை தாண்டும் பணத்துக்குச் சந்தை விகிதம். அடுத்த முறை "இந்தியாவில் இது இத்தனை டாலர்" என்று ஒரு செய்தியைப் பார்த்தால், முதலில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: எந்த டாலர்?